பின்கட்டில் ஓர் அடுப்பு

எங்கள் வீட்டுப் பின்கட்டில், கிணற்றடிக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே, ஓர் அடுப்பு இருக்கிறது. இடுப்பளவு உயரமான மேடை. அதன்மேல் கவிழ்த்து வைத்த பெரிய பானையைப் போலச் சுண்ணாம்பு பூசிய கவிகை. முன்புறம் வளைந்த சிறு வாய். தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் அதை ஒரு கெபி என்று எண்ணிவிடுவதுண்டு. பக்கத்துத் தெரு மூதாட்டி ஒருவர் ஒரு நாள் மாலை அதன் முன் நின்று சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். "பாட்டி, அது ரொட்டி சுடுகிற அடுப்பு" என்று என் துணைவியார் சொன்னதும் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ரொட்டிதானே, அதுவும் கும்பிட வேண்டியதுதான்" என்று சமாளித்துக்கொண்டு நடந்தார்.

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் இளைய மகனும், எழுபது வயதான ஒரு கொத்தனாரும், பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற நானும் சேர்ந்து கட்டிய அடுப்பு அது. இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சா சுடுவதற்காகக் கட்டினோம். தூத்துக்குடியில் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் நேப்பிள்ஸ் அடுப்பு எதற்கு என்று கேட்காதவர் இல்லை. எல்லோருக்கும் ஏதேதோ மறுமொழி கூறினேன். உண்மையான மறுமொழியை இப்பொழுதுதான் எழுதத் துணிகிறேன்.

அதற்கு முதலில் என் தந்தையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

என் தந்தை இந்நகரில் ஒரு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்த்தவர். விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டைவிட்டுப் போவார். விடியற்காலைப் பூசை மணி அடிக்கும்போது திரும்பி வருவார். அவருடைய முன்கைகளில் ரோமமே கிடையாது. முழங்கை முதல் மணிக்கட்டு வரை பழைய தீத்தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். எங்களுக்குப் பால் வாசனை, மீன் வாசனை எப்படியோ, அப்படியே அப்பா என்றால் புளித்த மாவும் புகையும் கலந்த வாசனை. "இந்த அடுப்பு என்னோட போகட்டும்" என்பார். அந்தச் சொல்லை நிறைவேற்றத்தான் நான் படித்தேன் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

1973ஆம் ஆண்டு. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். பள்ளியில் ஒரு விழா. மாணவர்களுக்குக் கொடுக்க ஒரு கடையில் பன் சொல்லியிருந்தார்கள். அது அப்பா வேலை செய்த கடை என்று எனக்குத் தெரியாது. காலை பத்து மணி வெயிலில் சைக்கிளின் பின்புறம் பெரிய கூடையைக் கட்டிக்கொண்டு அப்பாவே வந்து இறங்கினார். இரவெல்லாம் கண் விழித்த முகம்; கரி படிந்த பனியன்; மடித்துக் கட்டிய வேட்டி. என்னைப் பார்த்ததும் சிரித்தார். அருகில் நின்ற நண்பன், "யாருடா அவரு, உன்னையப் பாத்துச் சிரிக்காரு?" என்று கேட்டான்.

"ரொட்டிக் கடை ஆளு" என்றேன்.

சொல்லில் பொய் இல்லை. அவர் ரொட்டிக் கடை ஆள்தான். அவ்வளவு அருகில் நின்றிருந்தவருக்கு அது காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. கூடையை இறக்கினார். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கொடுத்ததைப் போலவே எனக்கும் ஒரு பன் கொடுத்தார். போய்விட்டார். அன்று மாலை வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, நானும் பேசவில்லை. 1991இல் அவர் இறந்தார். பதினெட்டு ஆண்டுகள் இருந்தன. ஒரே ஒரு நாள் போதுமாயிருந்தது. அந்த ஒரு நாளை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

என் இளைய மகன் சமையற்கலை படித்தவன். பயணிகளை ஏற்றிச் செல்லும் உல்லாசக் கப்பல்களில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தான். பீட்சா பகுதியில் நிற்பான். கப்பலில் விறகு எரிக்க முடியாது. எல்லாம் மின்சார அடுப்பு. ஆனால் கப்பல் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் கிடைக்கும் மூன்று நான்கு மணி நேர விடுப்பில், மற்றவர்கள் கடைவீதி சுற்றப்போக, இவன் ஏதாவதொரு பழைய பீட்சாக் கடையின் விறகு அடுப்புக்கு எதிரே போய் நின்றுகொள்வானாம்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் உல்லாசக் கப்பல்கள் உலகெங்கும் நின்றன. பயணிகள் இறங்கிய பின்னும் பணியாளர் பலர் கரையேற வழியின்றிக் கப்பல்களிலேயே கிடந்தார்கள். என் மகனும் இரண்டு மாதங்களுக்கு மேல் ஒரு சிற்றறையில் இருந்தான். சாப்பாடு கதவருகே வைக்கப்படும். ஜூலை மாதம் ஊர் வந்து சேர்ந்தான். வந்தவன் பேசவில்லை. உண்டான், உறங்கினான், மொட்டை மாடியில் நின்று கடலைப் பார்த்தான். கேட்டதற்கு மட்டும் மறுமொழி. நானோ ஆசிரியன், மறுமொழி வராத கேள்வியை மறுபடியும் உரக்கக் கேட்டுப் பழகியவன். "அடுத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று நாள்தோறும் கேட்டேன். கேட்கக் கேட்க அவன் இன்னும் ஒடுங்கினான்.

ஒரு நாள் இரவு அவனாகவே வாய் திறந்தான். "அப்பா, தாத்தா வேலை பார்த்த அடுப்பு உள்ளே எப்படி இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடையின் வாசலைத் தாண்டி நான் உள்ளே போனதே இல்லை. அவன் ஒரு நோட்டை விரித்துக் காட்டினான். பக்கம் பக்கமாக வட்டங்களும் அரைவட்டங்களும். "நம்ம பின்கட்டில் ஒன்று கட்டலாமா?" என்றான். எனக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. "உன் தாத்தா வெந்தது போதாதா? அதிலிருந்து தப்பிக்கத்தானே நாங்கள் இத்தனை பாடுபட்டோம்!" என்று கத்தினேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு மெல்லக் கேட்டான்: "தாத்தா அந்த வேலையை வெறுத்தாரா, அப்பா?"

அந்தக் கேள்விக்கும் என்னிடம் மறுமொழி இல்லை. வெறுத்தது நான்தான் என்பது மட்டும் அப்போது தெரிந்தது. மறுநாள் ஓய்வூதியக் கணக்கிலிருந்து பணம் எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

*

கட்டத் தொடங்குவதற்கு முன் படித்தோம். விறகெரித்து, அந்த நெருப்பு இருந்த இடத்திலேயே ரொட்டி சுடும் கவிகை அடுப்பு மிகப் பழையது. கி.பி. 79இல் வெசூவியசு எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரில் அத்தகைய அடுப்புகள் பல இன்றும் நிற்கின்றன. 1862இல் அங்கே ஒரு ரொட்டிக் கடையைத் தோண்டியபோது, அடுப்புக்குள் வைத்தது வைத்தபடியே கரியாகிக் கிடந்த 81 ரொட்டிகள் கிடைத்தன. சுட்டவர் திரும்பி வந்து எடுக்காத ரொட்டிகள். வெசூவியசின் அருகில்தான் நேப்பிள்ஸ் இருக்கிறது. அந்நகரத்துப் பீட்சா எப்படிச் சுடப்பட வேண்டும் என்பதற்கு 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்ட வரையறையே தந்தது: விறகு அடுப்பு, ஏறத்தாழ 485 டிகிரி வெப்பம், 60 முதல் 90 விநாடி. அதைச் சுடுபவரின் கைத்திறனை 2017இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அடுப்புக்கு முன் நிற்கும் ஒரு மனிதரின் வேலையை உலகமே எழுந்து நின்று மதித்திருக்கிறது என்று படித்தபோது, சைக்கிளின் பின்புறம் கூடை கட்டி வந்தவரின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

நம் கடற்கரைக்கும் இவ்வடுப்புக்கும் உறவு இல்லாமல் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தபோது சொற்கள் பலவற்றையும் கரையிறக்கினர். அலமாரியும் சன்னலும் மேசையும் சாவியும் அப்படி வந்தவைதாம். ஈழத்தில் இன்றும் ரொட்டியைப் 'பாண்' என்பார்கள். அது சுடும் அடுப்பைப் 'போறணை' என்பார்கள். இரண்டும் போர்த்துக்கீசியச் சொற்களின் தமிழ் வடிவங்கள். நேப்பிள்சில் 'ஃபோர்னோ' என்று சொல்வதும் அதே வேர்தான். என் மகன் எட்டு ஆண்டுகள் கடலில் அலைந்து தேடி நின்ற அடுப்பும், அவன் தாத்தா ஊரிலேயே நின்று எரித்த அடுப்பும் ஒரு தாய் மக்கள்.

கணக்கு என் பங்கு. உள்விட்டம் 36 அங்குலம். ஆகவே கவிகையின் உயரம் 18 அங்குலம். வாயின் உயரம் எவ்வளவு? இங்கேதான் இவ்வடுப்பின் இரகசியம் இருக்கிறது. இதற்குள் புகைபோக்கி கிடையாது. குளிர்ந்த காற்று வாயின் கீழ்ப்பாதி வழியே உள்ளே போகும். சூடான புகை அதே வாயின் மேற்பாதி வழியே வெளியே வரும். புகைபோக்கி வாய்க்கு வெளியேதான் நிற்கும். வாய் உயர்ந்தால் சூடு ஓடிவிடும். தாழ்ந்தால் நெருப்பு மூச்சுத் திணறும். உள் உயரத்தில் 63 விழுக்காடு இருக்கவேண்டும் என்பது அனுபவத்தில் கண்ட அளவு. 18க்கு ஏறத்தாழ 11¼ அங்குலம். அரைக்கோளத்தின் பரப்பு 2,036 சதுர அங்குலம். ஓர் அரைக்கல்லின் முகம் நாலரைக்கு மூன்று. எனவே 150 அரைக்கற்கள், அதாவது 75 முழுக்கற்கள். தளத்துக்கு 40. வாய்க்கும் சேதாரத்துக்கும் சேர்த்து 150 கற்கள் வாங்கினோம். வீடு கட்டும் செங்கல் அல்ல. உலைகளுக்கென்றே செய்யப்படும் வெளிர்மஞ்சள் நிற 'ஃபயர் பிரிக்' கற்கள். நான்கு விரல் பருமனில் ஒரு கல்லைத் தூக்கினாலே கை இறங்கும்.

கொத்தனார் வந்தார். நகரத்துப் பழைய ரொட்டிக் கடைகளில் அடுப்புப் பழுது பார்த்தவர். என் நோட்டுக் கணக்கைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கணக்கெல்லாம் சரிதான் சார். கல்லு கணக்குப் படிச்சிருக்கணுமே" என்றார்.

முதல் விவாதம் தளத்தின் அடியில் என்ன போடுவது என்பது. பழைய அடுப்புகளில் சூடு கீழே இறங்காமலிருக்க உடைந்த கண்ணாடியும் உப்பும் பரப்புவோம் என்றார் அவர். உப்பு விளையும் ஊர், உப்புக்குப் பஞ்சமில்லை. மகன் மறுத்தான். "உப்பு ஈரத்தை இழுக்கும், அண்ணாச்சி. நம்ம ஊர்க் காத்துல கேக்கவே வேண்டாம்." வெர்மிகுலைட் என்னும் கனிமத்தைச் சூட்டில் பொரித்துச் சிமெண்டுடன் கலந்து பரப்பலாம் என்பது அவன் யோசனை. அவல் போல் பொரிந்து, காற்றைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்ளும் அந்தக் கனிமம் நம் மாநிலத்திலேயே திருப்பத்தூரை அடுத்த சேவாத்தூரில் வெட்டியெடுக்கப்படுவது. இறுதியில் சமாதானம் ஏற்பட்டது: கீழே கண்ணாடி, மேலே வெர்மிகுலைட், உப்பு வேண்டாம்.

சாந்திலும் எச்சரிக்கை தேவைப்பட்டது. கடற்கரை மணலில் உப்பு இருக்கும், ஆகாது. வெறும் சிமெண்டும் ஆகாது. முந்நூறு டிகிரியைத் தாண்டினால் அது வலுவிழக்கத் தொடங்கும். தீயைத் தாங்கும் களிமண் பொடி, சுண்ணாம்பு, சலித்த மணல் இவற்றை முதன்மையாகக் கொண்டு குழைத்தோம்.

தளத்தின் நடுவே ஆணியடித்து, பதினெட்டு அங்குலக் கோல் ஒன்றைச் சுழலும்படி மாட்டினான் மகன். அந்தக் கோலின் நுனி தொடும் இடத்தில்தான் ஒவ்வொரு கல்லின் முகமும் நிற்கவேண்டும். முதல் வளையத்தில் 25 அரைக்கற்கள். மேலே போகப் போக வளையம் சுருங்கியது. கற்கள் உட்புறமாகச் சாய்ந்தன. ஐந்தாம் வளையத்துக்குப் பின் வைத்த கல் நிற்காமல் சரியப் பார்த்தது. ஒரு கல்லை நான் பிடித்துக்கொள்ள, மகன் அடுத்ததை வைக்க, கொத்தனார் சாந்து திணித்தார். வளையம் முடியும்வரைதான் இந்தப் பாடு. கடைசிக் கல் இறுகிப் பொருந்தியவுடன் அதுவரை விழத் துடித்த கற்கள் அத்தனையும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அப்படியே நின்றன. கையை எடுத்தோம், ஒன்றும் அசையவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் கோளத்தின் பரப்பைக் கரும்பலகையில் எழுதியவன் நான். அரைக்கோளம் ஏன் நிற்கிறது என்பதை அன்றுதான் என் உள்ளங்கை அறிந்தது.

ஏழாம் வளையம் வைத்துக்கொண்டிருந்தபோது கொத்தனார் திடீரென்று கேட்டார்: "சார், உங்க அப்பா இன்னாருதானே?" பெயரைச் சொன்னார். பதினைந்து வயதில் சாந்துச் சட்டி சுமக்கும் சிறுவனாக அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். "தளம் பேந்துபோனா யாராவது உள்ள படுத்துத்தான் பூசணும். அடுப்பு அணைச்சு ரெண்டு நாள் ஆனாலும் உள்ள வெக்கை நிக்கும். எங்க மேஸ்திரி எங்களைத்தான் போகச் சொல்லுவாரு. உங்க அப்பா விடமாட்டாரு. 'சின்னப் பையன்க, நான் போறேன்'னு அவரே உள்ள போய்ப் படுத்துக்கிடுவாரு. உள்ள இருந்து பாட்டு வேற பாடுவாரு."

அப்பா பாடுவார் என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் அவர் பாடிக் கேட்டதே இல்லை. பகலில் உறங்கும் மனிதராகத்தான் அவரை நாங்கள் அறிந்திருந்தோம். மகன் என்னைப் பார்த்தான். அவன் கேட்ட கேள்விக்கு மறுமொழி வந்துவிட்டது. நான் கையில் பிடித்திருந்த கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

*

அடுப்பு கட்டி முடிப்பது பாதி வேலை. உலர வைப்பது மறுபாதி. கல்லிலும் சாந்திலும் குடம் குடமாக நீர் புதைந்திருக்கிறது. ஒரு பங்கு நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 பங்கு இடம் கேட்கும். அவசரப்பட்டுத் தீ மூட்டினால் ஆவிக்கு வழியிருக்காது. வழி இல்லாத இடத்தில் அது வழி உண்டாக்கும். ஆகவே ஒரு வாரம் காற்றாட விட்டு, பிறகு முதல் நாள் நூறு டிகிரிக்கு மேல் போகாத சிறு தீ, அடுத்த நாள் சற்றுக் கூடுதலாக என்று ஏழு நாட்கள் படிப்படியாக ஏற்றவேண்டும். மகன் தாளில் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினான். "அவசரப்படாதீங்க சார், ஈரம் தானாப் போகணும்" என்று கொத்தனாரும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மகன் மாவு வாங்க வெளியே போயிருந்தான். அடுப்புக்குள் சுள்ளிகள் சோம்பலாக எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் புளிய விறகு அடுக்கியிருந்தது. இன்னும் நான்கு நாட்களா என்று எனக்குத் தோன்றியது. இரண்டு கட்டைகள் வைத்தால் என்ன ஆகிவிடும்? வைத்தேன். நன்றாகப் பற்றியது. இன்னும் இரண்டு வைத்தேன். தீ கவிகையை நக்கி வாய்வரை வந்தது. அழகாகத்தான் இருந்தது. அரை மணி கழித்து, தேங்காய் உடைப்பதைப் போல உள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது.

உச்சிக் கல்லருகே தொடங்கி ஐந்து வளையங்கள் இறங்கி ஒரு விரிசல். பென்சில் முனை புகும் அளவு.

மகன் வந்தான், குனிந்து பார்த்தான், எரியும் கட்டைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மண்ணில் புதைத்தான். ஒரு சொல் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு முன்பே தெரிந்த மௌனம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கூடையை இறக்கி வைத்தவரிடம் நான் கண்டது அது. அப்போது பேசாமல் விட்டவன், இப்போதும் விட்டால் எப்போது பேசுவது?

"நான்தான் செய்தேன். தவறு என்னுடையது. உன்னையும் இப்படித்தான் ஓராண்டாக விறகு வைத்து எரித்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். பிறகு, கிணற்றுக் கல்லில் உட்கார்ந்து, 1973இல் பள்ளி வளாகத்தில் நடந்ததை அவனிடம் சொன்னேன். என் துணைவியாரிடமும் சொல்லாத செய்தி. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிக்க வேண்டியவர் அவன் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. வெகு நேரம் கழித்து, கப்பலின் சிற்றறையில் கழிந்த நாட்களைப் பற்றி அவன் முதல் முறையாகப் பேசினான். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ முதற்கொண்டு இரவும் பகலும் தெரியாமல் போனதையும், அப்போதெல்லாம் அந்த நேப்பிள்ஸ் அடுப்பின் உட்புறத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கல் கல்லாக எண்ணியதையும் சொன்னான். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் ஒரு மாணவன் முன் நான் உட்கார்ந்திருந்த முதல் வகுப்பு அது.

அடுப்பு ஆறிய பின், களிமண்ணும் சுண்ணாம்பும் குழைத்து விரிசலை அடைத்தோம். "விரிசல் விடாத அடுப்பு கிடையாதுப்பா. வளையம் நிக்குது பாருங்க. வேலை செய்யும்" என்றான். மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கினோம். இம்முறை விறகுக்கு நானே பூட்டுப் போட்டுச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டேன்.

*

அடுப்பு முழுச்சூடு கொள்வதைக் கண்ணாலேயே காணலாம். முதலில் கவிகையின் உட்புறம் முழுவதும் புகைக்கரி படிந்து கன்னங்கரேலென்று ஆகும். வெப்பம் முந்நூற்றைம்பதைத் தாண்டி ஏறும்போது அந்தக் கரியே எரிந்துபோய், உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் கற்கள் வெளுக்கத் தொடங்கும். கருமை முழுவதும் நீங்கி எல்லாக் கல்லும் வெண்மையானால் அடுப்பு அணியமாகிவிட்டது. எங்கள் அடுப்பில் அடைத்த விரிசல் மட்டும் கடைசி வரை ஒரு கருங்கோடாக நிற்கும். பிறகு அதுவும் வெளுக்கும். நாங்கள் அதைப் பார்த்துத்தான் மாவைக் கையில் எடுக்கிறோம்.

முதல் பீட்சா தொண்ணூறு விநாடியில் வெந்தது. தளத்தின் சூடு அடியைச் சுட, கவிகையின் வெம்மை மேலிருந்து இறங்க, சுழலும் அனல் விளிம்பை உப்பவைக்க, மூன்று வகை வெப்பமும் சேர்ந்து செய்யும் வேலை. அதை நான்காக அறுத்தோம். கொத்தனாருக்கு ஒரு துண்டு. தக்காளியும் பாலாடைக்கட்டியும் அவருக்குப் பிடிக்கவில்லை. விளிம்பை மட்டும் மென்றுவிட்டு, "ரொட்டி நல்ல ரொட்டி" என்று தீர்ப்புச் சொன்னார்.

இந்த அடுப்பு ஒரு நாளில் அணைவதில்லை என்பதுதான் அதன் பெருங்குணம். தீ எடுத்த பின்னும் கற்கள் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரவு பீட்சா, சூடு இருநூற்றைம்பதுக்கு இறங்கியதும் ரொட்டி, விடியற்காலையில் மெல்லிய வெம்மை மட்டும் மிஞ்சும்போது, முட்டை வெண்கருவும் முந்திரியும் சர்க்கரையும் அடித்த நம் தூத்துக்குடி மக்ரூன். அவசரமான தீயில் மக்ரூன் கருகும். மறைந்த தீயில்தான் அது உலர்ந்து மலரும். அப்பா விடியற்காலையில் சில நாட்கள் காகிதப் பொட்டலத்தில் உடைந்த மக்ரூன்களைக் கொண்டுவந்து எங்கள் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுப்பார். இரவின் கடைசிச் சூட்டில் அவர் கடைசியாகச் செய்த வேலை அது என்பதை அறுபது வயதுக்கு மேல் என் அடுப்பின் முன் நின்று அறிந்தேன்.

யோவான் நற்செய்தியில் கரிநெருப்பு இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று, தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர் காய மூட்டியது. அதன் அருகில் நின்றுதான் பேதுரு மறுதலித்தார். மற்றது, உயிர்த்த ஆண்டவர் விடியற்காலையில் ஏரிக்கரையில் மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தது. இந்த இரண்டாம் நெருப்பைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறேன். பின்கட்டு அடுப்பின் முன் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. அங்கே பேதுருவிடம் பழையதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை. முதலில் உணவு கொடுக்கப்பட்டது. வரிசையில் நின்ற எனக்கும் அன்று ஒரு பன் கொடுக்கப்பட்டதே! அது கோபத்தால் கொடுக்கப்பட்டது, அல்லது வேதனையால் கொடுக்கப்பட்டது என்றுதான் இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். வேறு காரணமும் இருந்திருக்கலாம். அப்பாவிடம் கேட்டுத் தெளிய இனி வழியில்லை. எனினும் அந்தப் பன்னை இப்போது என்னால் உண்ண முடிகிறது.

கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது நிறுவனத்திலிருந்து மகனுக்கு அழைப்பு வந்தது. போகவில்லை. சனிக்கிழமை மாலைகளில் சொல்லி வைப்பவர்களுக்குப் பீட்சாவும், ஞாயிறு காலையில் ரொட்டியும் மக்ரூனும் சுட்டுக் கொடுக்கிறான். பெரிய வருமானம் என்று சொல்ல முடியாது. அடுப்பு தாத்தாவோடு போகவில்லை. அது வருத்தமா மகிழ்ச்சியா என்று அவரிடம்தான் கேட்கவேண்டும். பேசுகிறான், முன்போல அல்ல, தேவைக்கு. நானும் குறைத்துக் கேட்கப் பழகியிருக்கிறேன்.

சூடு பார்க்க அவனிடம் ஒரு கருவி உண்டு. கல்லை நோக்கிப் பிடித்தால் எண்ணைக் காட்டும். கொத்தனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அப்பா அடுப்புக்குள் கையை நீட்டி, பொறுக்க முடியும்வரை எண்ணி, ரொட்டிக்கான சூட்டைக் கணிப்பார் என்று. சென்ற மாதம் ஒரு நாள் நானும் கையை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். என் பழைய மாணவர் ஒருவர், இன்று ஓர் அலுவலகத்தில் பெரிய பதவியில் இருப்பவர், ரொட்டி வாங்கத் தன் பிள்ளையுடன் வந்தார். மாவும் கரியும் பூசிய பனியனோடு நின்ற என்னை அவர் அடையாளம் காணச் சற்று நேரமாயிற்று. அதற்குள் பிள்ளை கேட்டுவிட்டான்: "அப்பா, யாரு இவங்க?"

அவர் தயங்கினார். "ரொட்டிக் கடை ஆள்" என்றேன் நான்.

பிள்ளை கையை நீட்டினான். சூடாக ஒரு பன் எடுத்துக் கொடுத்தேன்.